மேதகு புல்வெட்டி

எங்கள் பாக்சான் ஊரில் மேக்கோங் ஆறு எண்ணூறு மீட்டர் அகலம். கோடையில் அறுநூறு. அக்கரை வேறு நாடு. அங்கே பன்றி கத்தினால் இக்கரையில் கேட்கும். காற்று தயவு வைத்தால் அதை வறுக்கிற வாசமும் வரும். அங்கேயும் ஒட்டரிசிச் சோறு, இங்கேயும் ஒட்டரிசிச் சோறு. அதே மீன் ஊறல், அதே பாட்டு, அதே வசவு. எனவே இரண்டு அரசாங்கங்களும் கூடி யோசித்து, இப்படி ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் கிடப்பது நல்லதல்ல என்று முடிவு செய்து, எங்கள் தெருவில் ஒரு தூதரகம் திறந்தன.

அதற்கு நேர் எதிரே நான் காபிக் கடை போட்டிருந்தேன். நான் சொல்வதில் பொய் ஏதாவது இருந்தால் அது அரசாங்கக் காகிதத்திலும் இருக்கும். பாதியை அங்கிருந்துதான் எடுத்தேன்.

ராஜா காலத்தில் அக்கரைக்காரர்கள் தூதரகம் திறந்தபோது நாற்பத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தூதர் ஒருவர், துணைத் தூதர் இருவர், செயலர்கள் ஏழு பேர், பண்பாட்டுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், தூதர் நடக்கும்போது குடை பிடிக்க ஒருவர், அந்தக் குடைக்காரர் விடுப்பு எடுத்தால் பிடிக்க இன்னொருவர். பதிலுக்கு எங்கள் அரசு அக்கரையில் ஒரு தூதரகம் திறந்து நாற்பத்திரண்டு பேரை அனுப்பியது. நாற்பத்தொன்று அனுப்பினால் அவமதிப்பு, நாற்பத்துமூன்று அனுப்பினால் படையெடுப்பு. இந்த நாற்பத்திரண்டு பேருக்கும் வணக்கம் சொல்வதற்கென்று எங்கள் ஊரில் 'நட்புறவு மரியாதைத் துறை' என்று ஒன்று முளைத்தது. அதில் அறுபது பேர். அக்கரையிலும் அதே போல ஒரு துறை, அதிலும் அறுபது பேர்.

நாடுகளுக்குக் கோபம் வந்தால் நம்மைப் போல வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் பேசிக்கொள்ளாது. ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும். 'ஆலோசனைக்கு அழைத்தல்' என்று அதற்குப் பெயர். போனவர்களில் ஒருவராவது ஆலோசனை முடிந்து திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் கோபம் ஓர் எருமையால் வந்தது. அது பாட்டுக்கு நீந்திப் போய் அக்கரையில் மேய்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பியது. எல்லை மீறல் என்றார்கள் அவர்கள். அழைப்பில்லாமல் வந்த விருந்தாளியை வரவேற்றுத் தீனி போட்டது உங்கள் குற்றம் என்றது எங்கள் துறை. தூதர் போனார். துணைத் தூதர் பொறுப்பேற்றார். அடுத்தது கொடிமரம். அவர்கள் ஒரு முழம் உயர்த்தினார்கள், நாங்கள் இரண்டு முழம். ஆனி மாதம் இடி விழுந்து இரண்டும் ஒரே நாளில் தரைமட்டமாயின. சேர்ந்து போட்ட ஒரே திட்டம் அதுதான். அப்போது துணைத் தூதர்கள் இருவரும் போனார்கள். பிறகு அக்கரை வானொலி, 'மேற்கிலிருந்து வந்த மேகம் கிழக்கே போய் வீணாகப் பொழிந்தது' என்று வானிலை சொன்னது. 'வீணாக' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று செயலர்கள் காலி.

இதற்குள் எங்கள் பக்கம் ராஜா போனார், கொடி மாறியது. 'ஐயா' போய் 'தோழர்' வந்தார். மரியாதைத் துறையில் சுவரிலிருந்த படத்தை மட்டும் மாற்றினார்கள். படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது ஒன்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் வீடு. அக்கரைத் தூதரகத்தின் புல்லை வெட்டுவது அவன் வேலை. வேறெதிலும் தலையிட மாட்டான். அவன் மனைவி மாலிவன் அக்கரையில் பிறந்தவள். ஒருநாள் அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது.

"நாலு நாள்ல வந்துடறேன். கோழிக்கு வேளாவேளைக்குத் தீனி போடு. உன் வயித்துக்கு முன்னாடி அது வயித்தைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினாள்.

மூன்றாம் நாள் படகுப் போட்டி. எங்கள் படகு ஜெயித்தது. எங்கள் படகில் துடுப்புக்காரர் ஒருவர் கூடுதலாக இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். அவர் துடுப்புக்காரர் அல்ல, தூங்கிக்கொண்டிருந்த பயணி என்று எங்கள் துறை எழுதியது. தூங்குகிறவனை வைத்துக்கொண்டே ஜெயித்தோம் என்று கேலி செய்கிறீர்களா என்று அவர்கள் எழுதினார்கள். அன்று மாலையே ஆற்றை மூடிவிட்டார்கள். மீனைத் தவிர எதுவும் கடக்கக் கூடாது. கடந்தால் இரு கரையிலிருந்தும் சுடுவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கருத்து.

தூதரகத்தில் மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். கடைசியாகப் புறப்பட்டவர் மூன்றாம் செயலர். அவர் ஒன்சியைப் படித்துறைக்குக் கூப்பிட்டு, சாவிக்கொத்தையும் முத்திரைப் பெட்டியையும் அவன் கையில் திணித்தார்.

"விதி பதினாலு. தூதரகம் ஒரு நிமிஷம்கூடத் தலைமை இல்லாம இருக்கக் கூடாது. மூத்தவர் போனா அடுத்தவர். இனி நீதான் தூதர்."

"நான் இந்த ஊர்க்காரன் ஐயா. எங்க நாட்டுல உங்க நாட்டுக்கு நான் எப்படித் தூதரா இருக்கிறது?"

"ஊழியர் பட்டியல்ல என் பேருக்கு நேர் கீழே உன் பேர் இருக்கா? இருக்கு. ஊழியர் எந்த நாட்டுக்காரன்னு விதியில எங்கயாவது கேட்டிருக்கா? இல்லை. எட்டு மணிக்குக் கொடி ஏத்து, ஆறு மணிக்கு இறக்கு. யாராவது ஏதாவது கேட்டா, 'கவலையோடு கவனித்து வருகிறோம்'னு சொல்லு."

"எதைக் கவனிக்கணும் ஐயா?"

"எதையும் கவனிக்க வேணாம். சொன்னாப் போதும்."

படகு போய்விட்டது. ஒன்சி புல்வெட்டும் அரிவாளை ஒரு கையிலும், ஒரு நாட்டின் மானத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். எது கனமாக இருந்தது என்று பிறகு கேட்டேன். அரிவாள் என்றான்.

மறுநாளே மரியாதைத் துறைத் தலைவர் பூன்லியாங் முறைப்படி வாழ்த்துச் சொல்ல வந்தார். பூன்லியாங்கும் ஒன்சியும் ஞாயிறுதோறும் கோயில் மைதானத்தில் இரும்புக் குண்டு எறிந்து விளையாடுகிறவர்கள். "டேய் மண்டு, கோட்டைத் தாண்டாதடா" என்பதுதான் அதுவரை அவர் ஒன்சியிடம் பேசிய அதிகபட்ச மரியாதை. இப்போது பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டோடு வந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன் இன்பெங். எங்கள் மொழியிலிருந்து எங்கள் மொழிக்கு மொழிபெயர்ப்பதற்காகத் தலைநகரில் நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவன்.

"மேதகு தூதரின் பொறுப்பேற்பு எங்கள் அரசுக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது" என்றார் பூன்லியாங்.

இன்பெங் ஒன்சியின் பக்கம் திரும்பினான். "மேதகு தூதரின் பொறுப்பேற்பு எங்கள் அரசுக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது" என்றான், கொஞ்சம் சத்தமாக.

"அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். மாலிவன் அக்கரையில மாட்டிக்கிட்டா. நான் போய் அவளைப் பார்க்கணும். ஒரு வழி சொல்லுங்க."

பூன்லியாங் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இன்பெங் அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். மாலிவன் அக்கரையில மாட்டிக்கிட்டா..." என்று ஆரம்பித்த பிறகுதான் அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

"குடிமகன் ஒன்சி ஆத்தைக் கடக்கணும்னா, அக்கரைத் தூதர் 'வரலாம்'னு முத்திரை குத்தணும். குத்திட்டா நாங்க யோசிப்போம்."

"தூதர் நான்தானே அண்ணே!"

"அப்ப சிக்கலே இல்லை. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க."

ஒன்சி அன்றைக்கே விண்ணப்பம் எழுதினான். விண்ணப்பதாரரை நேரில் விசாரிக்க வேண்டும் என்று விதி இருந்ததால் விசாரணையும் நடத்தினான். கடையிலிருந்து நான் கண்ணால் பார்த்தேன். பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பான். எழுந்து மேசையைச் சுற்றி ஓடி, இந்தப் பக்கத்து முக்காலியில் கைகட்டி உட்கார்ந்து பதில் சொல்வான். மறுபடி ஓடிப்போய் அதை எழுதிக்கொள்வான். ஒரு மணி நேரம் நடந்தது. சட்டை நனைந்து வெளியே வந்தான்.

"என்னாச்சு?"

"நிராகரிச்சுட்டேன் அண்ணே."

"யாரை?"

"என்னைத்தான். 'விண்ணப்பதாரர் வேலை முடிந்ததும் தாயகம் திரும்புவார் என்று அதிகாரி மனதார நம்புகிறாரா'ன்னு கடைசிக் கேள்வி. மாமியாருக்கு உடம்பு தேறலேன்னா அவளை விட்டுட்டு நான் வருவேனா? எனக்கே நம்பிக்கை வரலை. 'இல்லை'ன்னு எழுதிட்டேன்."

"முட்டாப் பயலே, 'ஆமா'ன்னு எழுதித் தொலைச்சா என்ன?"

"ஒரு நாட்டு முத்திரை அண்ணே. அதை வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல முடியுமா?"

தூதரக வரலாற்றில் அந்த முத்திரையைப் பார்த்து வெட்கப்பட்ட முதல் அதிகாரி அவன்தான். பயிற்சி இல்லாததால் வந்த கோளாறு.

நிராகரிக்கப்பட்டவர் மூன்று ஆண்டுகள் மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது. மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பித்தபோது, ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவர் என்பதால் உள்ளூர்த் துறையின் பரிந்துரை வேண்டும் என்றது விதி. அயல்நாட்டுத் தூதருக்கு எந்தப் பரிந்துரையும் தர இயலாது என்று துறை கைவிரித்தது. தூதர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றான். விட்டால் முத்திரை குத்த ஆளிருக்காது என்றார்கள். இரண்டு பதில்களையும் தனித்தனி உறையில் போட்டு, இரண்டிலும் 'மேதகு' என்று எழுதி அனுப்பினார்கள்.

நான்காம் வருடம் மாலிவனிடமிருந்து கடிதம் வந்தது. ஆற்றைத் தாண்டித் தபால் கிடையாது. ஏதோ பனி கொட்டுகிற மூன்றாவது நாடு வழியாக ஐந்து மாதம் சுற்றி, எங்கேயோ ஒட்டிய தபால்தலைகளோடு வரும். ஒன்சி என் கடையில் உட்கார்ந்து உரக்கப் படித்தான்.

'அம்மா ரெண்டாம் வருஷமே போயிட்டாங்க. அப்ப உனக்கு எழுதின கடுதாசி வந்துச்சோ என்னவோ. நீ அங்க தூதரானதா எழுதினது இங்க வந்துச்சு. திரும்பி வர முத்திரை கேட்டு இங்க இருக்கிற நம்ம தூதரகத்துக்குத் தினமும் போனேன். காத்திருக்கிற இடம் குப்பையாக் கிடந்துச்சு, பெருக்கினேன். பெருக்குறியே, நீ ஊழியர்தானேன்னு பட்டியல்ல பேர் எழுதிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. இப்ப சாவி என் இடுப்புல. நான்தான் இங்க நம்ம நாட்டுத் தூதர். மேதகு அம்மாங்கிறானுங்க. எனக்கு நானே முத்திரை குத்திக்கப் போனா, தூதர் இடத்தைக் காலி பண்ணினா தேசத் துரோகமாம். மேதகு கணவர் அவர்களே, உங்க கையில இருக்கிற முத்திரையை வச்சு என்ன பண்றீங்க, மிளகாய் நசுக்குறீங்களா? கோழிக்குத் தீனி போடு.'

ஆக, இரண்டு நாடுகளுக்கும் நடுவே மிஞ்சியிருந்த தூதர்கள் இரண்டே பேர். அவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். இது இரண்டு அரசாங்கங்களுக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்கள் தூதர்கள்தான். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒன்சி அவர்கள் கொடியை இங்கே ஏற்றும்போது, அக்கரையில் எங்கள் கொடியும் ஏறும். ஏற்றுவது அவள். ஒருநாள் எட்டே காலுக்கு ஏறினால், "காய்ச்சலா இருக்குமோ அண்ணே?" என்று வந்து நிற்பான். மூன்று நாள் சோறு இறங்காது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒருமுறை இவன் கொடிக்கயிறு சிக்கிப் பாதியில் நின்றபோது, அக்கரைக் கொடி நாலைந்து தரம் ஏறி இறங்கி ஏறியது. மரியாதைத் துறை அதை அவசரச் சமிக்ஞை என்று எண்ணித் தலைநகருக்குத் தந்தி அடித்தது.

இப்படியே ஆற்றை மூடி ஒன்பது வருடம் ஆயிற்று. ஒன்பதாம் வருடம் இன்பெங் காபி குடிக்க வந்தவன், மனது கேட்காமல் ஒரு ரகசியம் சொன்னான்.

"ஒன்சி அண்ணே, ஒரு தூதர் ஆத்தைத் தாண்ட ரெண்டே வழிதான். ஒண்ணு அவங்க அரசு கூப்பிடணும். உங்களை இப்ப யாருன்னே அவங்களுக்குத் தெரியாது, எங்க கூப்பிடப் போறாங்க? இன்னொண்ணு, எங்க அரசு 'விரும்பத்தகாதவர்'னு சொல்லித் துரத்தணும். துரத்தினா மேளதாளத்தோட நாங்களே கொண்டு போய் விடுவோம்."

"எப்படித் துரத்துவீங்க?"

"நீங்க எங்களை அவமதிக்கணும்."

"என்ன சொன்னா அவமானம்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நீங்க சொன்னா மொழிபெயர்ப்பேன்."

ஒன்சியின் சுபாவத்துக்கு ஒருவரை அவமதிப்பது மலையைப் புரட்டுவது மாதிரி. ஆனாலும் முயற்சி செய்தான். எங்கள் தேசிய தினத்துக்குப் போகாமல், பரிசாக ஒரு கட்டுப் புல் மட்டும் கொடுத்தனுப்பினான். துறை கூடி ஆராய்ந்தது. கால்நடைத் தீவனத்தில் ஒத்துழைக்க அக்கரை விரும்புவதாகக் கண்டுபிடித்து, ஒன்பது பேர் குழு ஒன்றை அவனிடம் அனுப்பியது. அவர்கள் மூன்று நாள் தங்கிப் புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அக்கரைக் கொடியைத் தலைகீழாகக் கட்டினான். அந்தக் கொடி எப்படிக் கட்டினாலும் அதே கொடிதான். ஒரு வாரம் கழித்து அவனுக்கே எது நேர், எது தலைகீழ் என்று மறந்துபோய்விட்டது.

கடைசியில் என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்க நல்லாத் திட்டுவீங்க. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க." நான் எழுதினேன். அடக்கமாகச் சொல்கிறேன், நன்றாகவே வந்திருந்தது. 'உங்கள் துறைத் தலைவர் ஒரு மண்டு. அவர் தலையில் தேங்காய் உடைத்தால் தேங்காய்க்குத்தான் அவமானம். அறுபது பேரும் சேர்ந்து ஒரு நாளில் செய்கிற வேலையை என் கோழி ஒரு முட்டையில் முடித்துவிடும்.' ஒன்சி கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தினான்.

துறை ஏழு பேர் கொண்ட குழு அமைத்து நான்கு மாதம் அதைப் படித்தது. தேங்காய், தெற்கு வணிகத்தைக் குறிக்கலாம். கோழியும் முட்டையும் சிறுதொழில். 'மண்டு' என்ற சொல் தலைவரின் இளமைக்கால நட்பை நினைவூட்டும் உரிமைச் சொல். மொத்தத்தில் இது 'மனம் திறந்த கருத்துப் பரிமாற்றம்'. இரு நாட்டு உறவில் இவ்வளவு மனம் திறந்து யாரும் எழுதியதில்லை என்பதால் ஒன்சிக்குப் பதக்கம் என்று முடிவாயிற்று. நண்பகலில் நட்புறவு விருந்து, ஆற்றைப் பார்த்த பெரிய கூடத்தில். காபி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பூன்லியாங் எழுந்து பேசினார். இன்பெங் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னான். நான் ஒருமுறை மட்டும் சொல்கிறேன்.

"தோழர்களே! முன்னாடி இங்க நாப்பத்திரண்டு பேர் இருந்தாங்க. எல்லாரும் படிச்சவங்க. வாரம் ஒரு தகராறு. இப்ப மேதகு ஒன்சி ஒருத்தர்தான். ஒன்பது வருஷமா ஒரு தகராறு இல்லை. ஏன்? ஏன்னா அவர் ஒண்ணுமே செய்யலை. நாங்களும் ஒண்ணுமே செய்யலை. இதுதான் பரஸ்பரம்! ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாத்தானே சண்டை வரும்? அவன் பொண்ணை இவன் கட்டுவான், இவன் மாட்டை அவன் வாங்குவான், எல்லாம் தொல்லை. ஒருத்தரையும் பார்க்க விடாம இந்த நட்பை நாங்க பொத்திப் பொத்திக் காப்பாத்தியிருக்கோம். இன்னும் நூறு வருஷம் காப்பாத்துவோம்!"

கைதட்டல் ஓயவில்லை. 'நூறு வருஷம்' என்றதும் ஒன்சியின் முகம் சுண்டிப்போனது. பதக்கத்தைக் குத்தினார்கள். பிறகு சாப்பாடு. நட்பின் அடையாளமாகத் தலைவருக்கும் தூதருக்கும் நடுவே ஒரே மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. இருவரும் அதிலிருந்தே பிட்டு உருட்டித் தின்றார்கள். ஒன்சி கடைசிக் கவளத்தை எடுத்தான், வாயில் போட்டான், எழுந்து ஜன்னலருகே போய் அக்கரையைப் பார்த்து நின்றான்.

எல்லார் கண்ணும் மேசைமேல். கூடை திறந்தே கிடந்தது. மூடி பக்கத்தில் மல்லாந்திருந்தது.

எங்களில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாப்பிட்டு முடித்தால் கூடையை மூட வேண்டும். கடைசியாகக் கை வைத்தவன் மூடாமல் எழுந்தால் அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி பிரிந்துபோவார்கள். அக்கரையிலும் இதே நம்பிக்கை, இதே கூடை. எருமைக்கும் கொடிமரத்துக்கும் அர்த்தம் தேடி அகராதி புரட்டியவர்களுக்கு, இதற்கு அகராதி தேவைப்படவில்லை. இன்பெங் வாயைத் திறந்தான். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்று கண்டு மூடிக்கொண்டான்.

பூன்லியாங் வெளிறிப்போய் எழுந்தார். "மூடலை" என்றார். பிறகு கத்தினார். "நம்ம ரெண்டு நாடும் ஒரே கூடையில சாப்பிட்டு... மூடலை! உறவை அத்துக்கிட்டான்! எங்க கூடத்துல, எங்க சோத்துல!"

ஒன்சி திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டான். ஓடி வந்து மூடியை எடுத்தான். "ஐயோ அண்ணே, வேணும்னு செய்யலை. மறந்துட்டேன். ஒன்பது வருஷமா வீட்டுல ஒத்தையாத் தின்னு தின்னு மூடுற பழக்கமே விட்டுப்போச்சு. பிரியறதுக்கு வீட்டுல ஆள் இருந்தாத்தானே மூடணும்?"

மன்னிப்புக் கேட்டதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஆகவே அது துறையின் காதில் விழவில்லை. வேண்டுமென்றே செய்த மூன்று அவமதிப்புக்குப் பதக்கம் கொடுத்தவர்கள், தெரியாமல் செய்த ஒன்றுக்கு இருபத்துநாலு மணி நேரக் கெடு கொடுத்தார்கள். 'விரும்பத்தகாதவர்' என்ற தாளைக் கையில் வாங்கிய ஒன்சி, எங்கள் தெருவில் குதித்துக்கொண்டு ஓடினான். நாற்பது வருடத்தில் எந்தத் தூதரையும் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டைக்குக் கஞ்சி போட்டான். கோழிகளை என்னிடம் ஒப்படைத்தான்.

மறுநாள் காலை படித்துறையில் மேளம், பந்தல், பூன்லியாங், இன்பெங். காபி பாத்திரத்தோடு நானும் படகில் ஏறிக்கொண்டேன். தூதரைத் துரத்தும்போதும் காபி கொடுப்பதுதான் முறை. ஒன்சி முன்பக்கம் உட்கார்ந்து அக்கரையை விழுங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணி ஆயிற்று. அக்கரையில் கொடி ஏறவில்லை.

"ஏன் ஏறலை?" என்றான். "அண்ணே, ஏன் ஏறலை?"

பூன்லியாங் பெருமையோடு தொண்டையைச் செருமினார். "நாம ஒருத்தரைத் துரத்தினா அவங்க ஒருத்தரைத் துரத்தணும் இல்லையா? நேத்தே தந்தி வந்துடுச்சு. அங்க இருக்கிற நம்ம தூதரை, சமமா, அதே மணிக்கு, அதே மாதிரிப் படகுல அனுப்புறாங்க. யாரோ ஒரு அம்மா. நடு ஆத்துல ஆள் மாத்திக்கணும்."

ஒன்சி எம்பிப் பார்த்தான். எதிரே ஒரு படகு வந்துகொண்டிருந்தது. அதில் அவர்களுடைய பித்தளைப் பொத்தான்கள், அவர்களுடைய மேளம், நடுவில் மடியில் மூட்டையோடு மாலிவன். கொஞ்சம் நரைத்திருந்தாள். முறைப்பு அப்படியே இருந்தது.

நடு ஆற்றில் இரண்டு படகையும் கயிற்றால் கட்டினார்கள். முதலில் ரசீது. 'ஒரு தூதரைக் குறைவின்றிப் பெற்றுக்கொண்டோம்' என்று இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆள் பிறகு. யார் முதலில் இறங்குவது என்று அரை மணி நேரம் விவாதம். அதற்குள் நீரோட்டம் எங்களை இரண்டு கிலோமீட்டர் கீழே கொண்டுபோய்விட்டது. பெண் என்பதால் மாலிவன் முதலில் என்று முடிவானது. அவள் எங்கள் படகுக்குத் தாவி, மூட்டையை வைத்துவிட்டு, ஒன்சியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சோத்துக் கூடையை மூடத் தெரியாதாமே உனக்கு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ரெண்டு நாட்டு ரேடியோவும் சொல்லுச்சு. மானம் போச்சு எனக்கு. கோழி எங்க?"

"அண்ணன்கிட்ட விட்டிருக்கேன். மாலிவன், நான் உன்னைப் பார்க்கத்தான் அங்க..."

"மேதகு தூதர் அவர்கள் அந்தப் படகுக்கு மாறலாம்" என்றார் பூன்லியாங். இன்பெங் திருப்பிச் சொன்னான்.

ஒன்சி எழுந்தான். விதிக்குக் கட்டுப்பட்டே பழகிவிட்ட கால்கள். மாலிவன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தாள். கஞ்சி போட்ட துணி கரகரவென்றது.

"எங்க போறே?"

"தாள்ல எழுதியிருக்கு, நான் அங்க..."

"எழுந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன். உக்காரு."

ஒன்பது வருடத்தில் இரு நாடுகளுக்கும் புரிந்த முதல் வாசகம் அது. ஒன்சி உட்கார்ந்தான்.

அக்கரை அதிகாரி தன் படகிலிருந்த காலி இருக்கையைப் பார்த்தார். கையிலிருந்த ரசீதைப் பார்த்தார். ஆள் வரவில்லை என்று சொன்னால், பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாக ஆகும். பூன்லியாங் எங்கள் படகில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பதைப் பார்த்தார். பார்த்ததாக ஒப்புக்கொண்டால் அறிக்கை எழுத வேண்டும். அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு மீன்களைக் கவனித்தார், கவலையோடு.

"சரியா இருக்கு" என்றார் அக்கரை அதிகாரி.

"சரியா இருக்கு" என்றான் இன்பெங்.

கயிற்றை அவிழ்த்தார்கள். மேளம் இரண்டு பக்கமும் முழங்கியது. நான் எல்லாருக்கும் காபி ஊற்றினேன். ஒன்சிக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று பூன்லியாங் கண்ணைக் காட்டினார். இல்லாதவனுக்கு எப்படிக் காபி கொடுப்பது? மாலிவன் தன் குவளையில் பாதியை அவனுக்கு ஊற்றினாள்.

அன்று பிற்பகல் என் கடை வானொலியில் கேட்டோம். அக்கரைத் தலைநகரில் ஒன்சிக்குப் பெரிய வரவேற்பாம். காலி நாற்காலிக்கு மாலை போட்டு, அவமானத்தைத் தாங்கிய வீரன் என்று ஓர் அமைச்சர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நாற்காலி அடக்கமாக இருந்ததாகச் செய்தியில் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு அவனை வேறொரு நாட்டுக்குத் தூதராக உயர்த்தி அனுப்பியதாகவும் கேள்வி. போன இடத்திலும் நல்ல பெயராம். இங்கே அவன் ஞாயிறுதோறும் மைதானத்தில் இரும்புக் குண்டு எறிகிறான். பூன்லியாங் அவன் எறிந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் தோற்றுப்போகிறார்.

இரண்டு தூதரகங்களையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆற்றைத் திறப்பது பற்றிப் பேச இரு பக்கமும் தூதர்கள் வேண்டும் என்பதால் ஆறு மூடியே இருக்கிறது. அந்த ஆண்டு முடிவில் இரண்டு துறைகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. இரு நாட்டு உறவு வரலாற்றிலேயே இப்போதுதான் மிகச் சிறப்பாக இருக்கிறது என்றது அது. அரசாங்கக் காகிதத்தில் நான் படித்த ஒரே உண்மை அதுதான். இரண்டு கரையிலும் அப்போது ஒரு தூதர்கூட இல்லை.